நாகமலையில் பாதையில்லாத ஏற்றம்: இறங்கும் வழியை எப்படி நினைவில் வைப்பது?

கீழவாசல்காரன்
28 டிசம்பர், இரவு 9.40

இன்று மார்கழி 13, ஞாயிற்றுக்கிழமை. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து மதுரையை ஒட்டிய நாகமலைத் தொடரில், மேலக்கால் கணவாய்க்குக் கிழக்கே உள்ள ஒரு முகட்டில் ஏறி இறங்கினோம். ஏறுவதற்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடித்தது. இறங்குவதற்கு நாலேகால் மணி நேரம் பிடித்தது. இந்தக் கணக்கு எப்படித் தலைகீழாகப் போயிற்று என்று இங்கே மலையேறிப் பழகியவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

யானைமலை, சமணர் மலை, திருப்பரங்குன்றம் என்று நாம் வழக்கமாக ஏறுகிற மலைகளில் படியோ, பாறையில் கொத்திய கால்குழியோ, கம்பியோ ஏதாவது ஒன்று நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும். நாகமலையின் இந்தப் பகுதியில் அப்படி எதுவும் இல்லை என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தோம். சமணர்கள் ஏவிய பாம்பு மலையாகிக் கிடக்கிறது என்பது புராணம்; பார்வைக்கும் அது பாம்பு படுத்திருப்பதுபோல ஒரே நீளமாகத்தான் இருக்கிறது. முதுகில் ஏறிவிட்டால் வழி தவற என்ன இருக்கிறது என்று நினைத்தோம். சித்திரையில் பத்து மணிக்குமேல் இந்தப் பாறையில் கை வைக்க முடியாது, ஐப்பசி கார்த்திகையில் மழை விடாது, ஆகவே மார்கழியும் தையும்தான் இதற்கு ஏற்ற காலம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

தென்புறத்து அடிவாரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, வெளிச்சம் வந்ததும் ஆறேகாலுக்கு நடக்கத் தொடங்கினோம். கீழே ஊர்க்கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு பாதி உயரம் வரை கூடவே வந்தது. மழை முடிந்த கையோடு புல் இடுப்பளவு நின்றது. அதன்மேல் பனி வெள்ளி முலாம் பூசியதுபோலப் படிந்திருந்தது. பத்து நிமிடத்தில் ஐந்து பேருடைய கால்சட்டையும் ஓடையில் இறங்கி ஏறியதுபோல நனைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் நடந்து வந்த இடம் மட்டும் வெள்ளை உதிர்ந்து கரும்பச்சைக் கோடாக அடிவாரம் வரை தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தடம் இருக்கிறதே, இறங்குவதற்கு என்ன கவலை என்று வங்கி நண்பர் சொன்னதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எட்டு மணிக்கு உச்சி. வடக்கே வைகைக் கரையும் சோழவந்தான் பக்கத்து வயலும் தென்னையும், அதற்கப்பால் மூட்டமாகச் சிறுமலையும். தெற்கே செக்கானூரணிப் பக்கத்து மானாவாரி நிலம். கிழக்கே புகைமூட்டத்துக்குள் யானைமலை. என் மச்சினன் எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதேகாலுக்கு இறங்கத் திரும்பினால், பனி உலர்ந்து கோடு இருந்த இடமே தெரியவில்லை. வந்த வழி என்று நம்பி இறங்கிய சரிவு இருபது அடி வழுக்குப்பாறையில் போய் நின்றது. மேலே ஏறி, அடுத்த முறை ஓர் ஓடையைப் பிடித்து இறங்கினோம். அது சூரை முள்ளுக்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டது. சூரை முள் பின்னோக்கி வளைந்தது. முன்னே இழுத்தால் இன்னும் இறுகும், ஓர் அடி பின்வாங்கினால்தான் விடும். ஒவ்வொரு சட்டையாக அப்படி விடுவித்து மறுபடியும் மேலே வந்து, சலித்துப் போய், எளிதாகத் தெரிந்த வடபுறத்துப் புல்சரிவில் இறங்கிவிட்டோம். ஒன்றரை மணிக்கு ஒரு தென்னந்தோப்பில் போய்ச் சேர்ந்தோம். வண்டிகள் மலைக்கு அந்தப் பக்கம். குடிதண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே தீர்ந்திருந்தது. தூக்குவாளியை உச்சியிலேயே மறந்துவிட்டோம் என்பது ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.


திருநகர்_ஆல்பனி
28 டிசம்பர், இரவு 11.15

அண்ணனுக்கு வணக்கம். நான் திருநகரில் பிறந்து வளர்ந்தவன். ஆறு ஆண்டுகள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற சித்திரையில் ஊர் திரும்பினேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அங்கே அடிரோண்டாக் மலைப்பகுதியில் நண்பர்களோடு ஏறிய ஒரு சிறு குன்றுதான் நினைவுக்கு வந்தது. இங்கே புல்லில் படிகிற ஈரம், அங்கே வானிலிருந்து கொட்டி உறைந்து கிடப்பது, நம் மொழியில் இரண்டுக்கும் பெயர் பனிதான். ஆனால் உங்களுடைய பனி ஒன்றரை மணி நேரத்தில் தடத்தை அழித்துவிட்டது, அங்கே பனி அதைக் காத்து வைத்திருந்தது.

நாங்கள் நான்கு பேர். திண்டுக்கல்காரர் ஒருவர், காரைக்குடிக்காரர் ஒருவர், ஹைதராபாத் நண்பர் ஒருவர், நான். அந்தக் குன்றுக்குப் பாதை கிடையாது. முழங்காலுக்கு மேல் பனி கிடந்தது. வெறும் பூட்ஸோடு கால் வைத்தால் தொடை வரை இறங்கிவிடும் என்பதால், ஸ்னோஷூ என்ற அகலமான சட்டத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். உடல் எடை பெரிய பரப்பில் பரவுவதால் கால் கொஞ்சம்தான் அழுந்தும். அடியில் உள்ள உலோகப் பற்கள் சரிவில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அந்த உயர்சிகரப் பகுதியில் எட்டு அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதியே உண்டு. வெறுங்காலணியோடு போகிறவர் தோண்டிவிட்டுப் போகும் குழிகள் இரவில் உறைந்து, அடுத்து வருபவரின் கணுக்காலைத் திருப்பிவிடும் என்பது காரணம்.

முதலில் போகிறவருக்குத்தான் வேலை அதிகம். புதுப் பனியை அவர் மிதித்து அமுக்க, பின்னால் வருபவர்கள் அந்தத் தடத்தில் சும்மா நடப்பார்கள். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கி நின்று கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்வார். காரைக்குடிக்காரர் மட்டும் தம் முறை வரும்போதெல்லாம் கயிறு தளர்ந்துவிட்டது என்று குனிந்துவிடுவார். ஸ்ப்ரூஸ், ஃபர் என்ற ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் கிளையைத் தோளால் தள்ளினால் போதும், மேலே இருக்கும் பனியெல்லாம் சட்டைக் கழுத்துக்குள் இறங்கும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. சிறு ஸ்ப்ரூஸ் கன்றைப் பனி முழுவதும் மூடியிருக்கும். மேலே சமதரையாகத் தெரியும். உள்ளே கிளைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். திண்டுக்கல்காரர் அப்படி ஒன்றில் இடுப்பளவு இறங்கிவிட்டார். ஸ்னோஷூ கிளையில் சிக்கிக்கொண்டது. குப்புறப் படுத்துக் கையால் துழாவிக் கட்டை அவிழ்த்துத்தான் அவரை வெளியே எடுத்தோம். நாகமலையில் இரண்டு உருண்டைப் பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கைப் புல் மூடியிருப்பதும் இதே வகைப் பொறிதான்.

அங்கே டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்தான், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊரில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. அதனால் மதியம் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்று காரிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினோம். பருத்திச் சட்டை போடக் கூடாது, வியர்த்தால் அது உலராது, நின்ற மாத்திரத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கும். தண்ணீர் போத்தலைத் தலைகீழாக வைப்போம். நீர் மேலிருந்து உறைவதால் மூடிப்பக்கம் அடைத்துக்கொள்ளாது. இறக்கம் மட்டும் எங்களுக்கு எளிது. நாங்களே வெட்டிய வாய்க்கால்போல் தடம் கிடந்தது, அதிலேயே இறங்கினோம். காற்றடித்தாலோ புதிதாகப் பனி பெய்தாலோ அதுவும் மூடிவிடும் என்பதால், ஏறும்போதே திசைகாட்டியில் கோணத்தை எழுதிக்கொண்டோம்.

அந்தக் கோணத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஆல்பனிப் பக்கம் திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கு, வரைபடத்தில் உள்ள உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 13 பாகை மேற்கே விலகியிருக்கும். அதைக் கழிக்க மறந்தால் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் இருநூறு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய்விடுவோம். மதுரையில் அந்த விலகல் இரண்டு பாகைக்குள்தான். திசைகாட்டியை அப்படியே நம்பலாம்.


வைகைவடகரை
29 டிசம்பர், காலை 6.50

இவ்வளவு எதற்கு? அலைபேசியில் தடப்பதிவை ஓடவிட்டிருந்தால் வந்த வழி கோடாகத் தெரிந்திருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேரிடமும் அலைபேசி இருந்திருக்கும், ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வியப்பாக இருக்கிறது.


கீழவாசல்காரன்
29 டிசம்பர், காலை 8.05

தோன்றியது. பதிவு ஓடியது. ஆனால் அதைப் பார்த்து இறங்கியும் வழுக்குப்பாறையில்தான் போய் நின்றோம். எங்களுக்கும் கோட்டுக்கும் நடுவே அந்தத் திரையில் ஒரு நகத்தளவு இடைவெளிதான் இருந்தது. தரையில் அந்த நகத்தளவுக்குள் ஒரு பள்ளம் இருந்தது.


கிடைபோட்டவர்
29 டிசம்பர், பிற்பகல் 3.30

தம்பிமார்களுக்கு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆடு வளர்த்தோம். நானும் பன்னிரண்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரை தொரட்டியும் தண்ணீர்ச் சொம்புமாக இந்த மலைச்சரிவில்தான் திரிந்தேன். இப்போது ஆடு இல்லை, முழங்காலும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முகடு என்பது ஏறும்போது கூடும், இறங்கும்போது பிரியும். ஓடை என்பது இறங்கும்போது கூடும், ஏறும்போது பிரியும். கீழேயிருந்து எந்த முகட்டைப் பிடித்தாலும் அது இன்னொன்றோடு சேர்ந்து கடைசியில் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். அதனால் ஏறுகிறவன் யோசிக்கவே வேண்டியதில்லை. அவன் செய்கிற தவறுகளையெல்லாம் மலையே திருத்திவிடும். இறங்கும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பத்தடி தள்ளி எடுத்த முடிவு கீழே அரைக் கல் தொலைவாகிவிடும். உங்களுக்கு இரண்டு மணி நேரம் நாலு மணி நேரம் ஆனது இதனால்தான். ஓடை இறங்கும்போது கூடுகிறதே, அதைப் பிடித்தால் என்ன என்று தோன்றும். தண்ணீருக்குக் குதிக்கத் தெரியும், நமக்குத் தெரியாது. ஈரம் நிற்கிற இடம் என்பதால் முள்ளும் அங்கேதான் அடர்த்தி. பாம்பும் அங்கேதான். சுருட்டை விரியன் சிறியது, காய்ந்த இலை நிறத்தில் இருக்கும். கை ஊன்றுகிற இடத்தைப் பார்த்து ஊன்ற வேண்டும்.

ஆட்டுத்தடத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஆட்டுக்கு உச்சியில் வேலை இல்லை. அது தழைக்கும் நிழலுக்கும் தண்ணீருக்கும் போகும், ஆகவே அதன் தடம் மலையைச் சுற்றிக் குறுக்காகவே ஓடும். ஏறும்போது அது பயன்படாது. இறங்கும்போது வழி தவறிவிட்டால் மட்டும் அந்தக் குறுக்குத் தடத்தில் நில்லுங்கள்; முள்ளில்லாமல் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு அது கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்கள் இரண்டு முறையும் உச்சிக்குத் திரும்பி ஏறியிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஏறும்போது நூறு எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து, அங்கே தெரிகிற பொருளுக்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். எங்கள் ஐயா அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். பெயர் வைத்த பாறை மறக்காது. முன்னே பார்த்த பாறையும் பின்னே பார்த்த பாறையும் ஒன்றல்ல. ஏறும்போது யானைபோல இருந்தது இறங்கும்போது சட்டிபோல இருக்கும்.


பசுமலை டீச்சர்
29 டிசம்பர், இரவு 7.20

எல்லாரும் வழியைப் பற்றியே பேசுகிறீர்கள். போவதற்கு யாரிடம் கேட்டீர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுப்பகுதியில் மலையேறுவதற்குத் தனி விதிகளே வந்துவிட்டன. காய்ந்த புல் என்ன செய்யும் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. இப்போது இடுப்பளவு பனியில் நனைந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதே புல் மாசிக்குள் காய்ந்துவிடும். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் வழிகாட்டியோடு திறக்கப்பட்டிருக்கின்றன. மற்ற இடங்களுக்கு வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஐந்து பேர் எந்தப் பக்கம் ஏறினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போவது துணிச்சல் அல்ல.

அடையாளத்துக்காகப் பாறையில் பெயின்ட்டால் அம்புக்குறி போடலாம் என்று யாராவது அடுத்துச் சொல்வதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். கொங்கர் புளியங்குளத்திலும் முத்துப்பட்டியிலும் விக்கிரமங்கலத்திலும் இரண்டாயிரம் ஆண்டு பழமையான தமிழி எழுத்துகள் இப்படிப்பட்ட பாறைகளில்தான் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே காதலர் பெயர்களை வெள்ளைப் பெயின்ட்டில் பார்த்து வயிறெரிந்தவள் நான். உயரமான பாறைமுகங்களில் ராஜாளி கூடு கட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். தேன்கூடு தொங்கும் பாறைக்கு அடியில் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போய் நிற்காதீர்கள். மலைத்தேனீ ஒன்று கொட்டினால் கூட்டமே வரும்.


கீழவாசல்காரன்
29 டிசம்பர், இரவு 9.10

டீச்சர் சொன்னது சரி. அடிவாரத்து டீக்கடையில் கேட்டதோடு நிறுத்திக்கொண்டோம், அது தவறு. கிடைபோட்டவர் ஐயாவுக்கு நன்றி. கூடும், பிரியும் என்ற அந்த இரண்டு வரியை வங்கி நண்பர் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டுவிட்டார். தூக்குவாளிக்காகவாவது மறுபடியும் போயாக வேண்டும். மச்சினனின் தாயார் தினமும் கேட்கிறார்.


வைகைவடகரை
30 டிசம்பர், காலை 7.00

அலைபேசி பயன்படாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோட்டை மட்டும் பதிவு செய்யாமல், வழி பிரிகிற இடங்களில் ஒரு புள்ளியும் ஒரு படமும், அதுவும் பின்பக்கம் திரும்பி எடுத்த படமாக, சேர்த்து வைத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். ஐயா சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.


திருநகர்_ஆல்பனி
30 டிசம்பர், காலை 9.25

ஒத்துக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: கடும் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அங்கே அலைபேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருப்போம். இங்கே அந்தக் கவலை இல்லை. அடுத்த முறை என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.


கீழவாசல்காரன்
11 ஜனவரி, இரவு 8.30

இன்று மார்கழி 27, கூடாரவல்லி. வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உடன்வர, திருநகர் தம்பியையும் சேர்த்து மறுபடியும் அதே முகட்டில் ஏறினோம். ஏற ஒன்றே முக்கால் மணி, இறங்க ஒன்றரை மணி.

இந்த முறை ஐயா சொன்னபடி திரும்பித் திரும்பிப் பார்த்தோம். தம்பி அமெரிக்க வழக்கப்படி முன்னே நடப்பவரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். எங்களுக்குப் பனியை மிதிக்கும் வேலை இல்லாவிட்டாலும், முன்னே போகிறவர்தான் முள்ளை விலக்கி, புல்லின் ஈரத்தையெல்லாம் தம் காலில் வாங்கிக்கொள்கிறார் என்பதால் அது நியாயமாகவே பட்டது. ஒதுங்கி நிற்பவர் பின்னால் பார்த்துப் பெயர் வைப்பது என்று ஏற்பாடு. இரட்டைக் கிளுவை, உட்கார்ந்த கிழவி, பிளந்த தேங்காய், தாசில்தார் தொப்பி என்று பதினான்கு பெயர்கள் சேர்ந்தன. இறங்கும்போது நோட்டைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டே வந்தோம்.

சென்ற முறை எங்கே பிசகியது என்பதும் தெரிந்தது. உச்சியிலிருந்து இருபது எட்டு இறங்கியதும் முகடு இரண்டாகப் பிரிகிறது. தவறான கிளை அகலமாக, புல் படர்ந்து, வா என்று அழைப்பதுபோல இருக்கிறது. நாங்கள் ஏறி வந்த கிளை ஒரு பாறைக்குப் பின்னால் தொடங்குவதால் மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பாறையின் இடப்பக்கம் உடம்பை ஒட்டிக்கொண்டு மூன்று எட்டு போனால்தான் கண்ணில் படும். ஏறும்போது அந்தப் பாறையை ஒரு கையால் பிடித்துத் தாண்டி வந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலை எட்டு மணிக்குக் கீழே பனிக்கோடு தெரிந்தது. தம்பி அதைப் படம் எடுத்து, ஒன்பதேகாலுக்கு அதே இடத்திலிருந்து இன்னொரு படமும் எடுத்தார். இரண்டையும் நாளை இங்கே ஏற்றுவார்.

தூக்குவாளி நாங்கள் வைத்த பாறையிலிருந்து பத்தடி கீழே கவிழ்ந்து கிடந்தது. மூடியைக் காணவில்லை. குரங்கு கொண்டுபோயிருக்கும் என்றார் காவலர். வீட்டில் கொண்டுவந்து கொடுத்தபோது மச்சினனின் தாயார் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயர் வெட்டியிருந்தது மூடியில்தான் என்றார்.